எங்க நோவுக்கு யார் வச்ச பேரு?

தலைச்சன் பிள்ளை பிறந்த மூணாம் நாள் ஒரு சீட்டைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. சீட்டு முழுக்க ஆங்கிலச் சுருக்கெழுத்து. நான் எம்.ஏ. தமிழ். குறுந்தொகைத் தலைவிக்கு எதனால் பசலை பூத்தது என்று பக்கம் பக்கமாய் எழுதித் தேறியவள். என் உடம்பைப் பற்றி எழுதியிருந்த அஞ்சு வரியைப் படிக்கத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒன்றரை வருசம் ரத்தப்போக்கு, அடிவயிற்று நோவு. காத்துக் கருப்பு என்றார் மாமியார். ரத்தம் பத்தலை என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் தெரிந்த நர்ஸ் அக்கா ஒருவர் பழைய சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மிணி, உனக்குக் காப்பர்-டி வச்சு உட்டிருக்காங்களே, தெரியாதா?"

பி.பி.ஐ.யு.சி.டி. ஆறே எழுத்து. பிள்ளை பிறந்த சூட்டோடு கருப்பைக்குள் வைத்துவிடும் செம்புச் சாதனம் என்று அதற்கு அர்த்தம். வைத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சரி என்றுகூடச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. பிறகும் சொல்லவில்லை. எழுதி மட்டும் வைத்தார்கள், எனக்குப் புரியாத மொழியில்.

இது என் ஒருத்தி கதை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். சிசிலியா வான் ஹாலன் என்ற அமெரிக்க மானுடவியல் ஆய்வாளர் 1990களின் நடுவில் சென்னைப் பக்கம் ஏழைப் பெண்களோடு பேசி, 2003இல் ஒரு நூல் கொண்டுவந்தார். சொல்லாமலே லூப் வைத்தது, நோவை விரட்ட மருந்து ஏற்றியது, கத்தினால் ஏசியது எல்லாம் அந்தப் பெண்கள் சொல்லி அதில் பதிவாகியிருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. எங்கள் வளவில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் கேட்கிற பேச்சுத்தான். "அப்ப இனிச்சுதா?" என்று கேட்காத பிரசவ வார்டு எது, சொல்லுங்கள் பார்க்கலாம்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கிற தோழர்கள் நம்மிலும் உண்டு. சொல்லுக்காகச் சண்டை போட்டவர்கள் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். 1940இல் சென்னை மாகாண அரசு கலைச்சொல் ஆக்கத்துக்கு வி.எஸ். சீனிவாச சாஸ்திரி தலைமையில் குழு போட்டது. வடமொழிச் சாய்வு என்று தமிழ்ப் புலவர்கள் கொதித்தெழுந்தார்கள். நியாயமான கொதிப்புத்தான். ஆனால் பிரசவமா மகப்பேறா என்று மேடைபோட்டு வழக்காடிய ரெண்டு பக்கத்தாருக்கும், நித்தம் பேறு பார்த்துக்கொண்டிருந்த மருத்துவச்சியை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அதற்கும் முன்னால், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் டாக்டர் தமிழிலேயே மேலை மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். 1857இல் பேறுகால மருத்துவ நூல் ஒன்றையே தமிழாக்கினார். அந்த மனுசனைக் கும்பிடலாம். ஆனால் அவரிடம் பாடம் கேட்டவர்கள் ஆண்கள்.

இப்போதும் அதே கதைதான். ஆஸ்பத்திரிப் பலகையில் மகப்பேறு. டாக்டர் வாயில் டெலிவரி. சீட்டில் ஆறெழுத்து. அரசு தரும் 18,000 ரூபாய்க்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு நிதியுதவித் திட்டம்; அதை வாங்க 'பிக்மி' நம்பர் வேண்டும். பிக்மி என்றால் என்ன என்று பல்லடம் பஸ் ஸ்டாண்டில் பத்துக் கர்ப்பிணிகளை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். நம்பர் எல்லோருக்கும் மனப்பாடம்.

எங்கள் அம்மாயி வளவுக்குள் பேறு பார்த்தவள். ஊருக்குள் பேறு பார்க்க நாவிதர் வீட்டம்மா உண்டு. எங்கள் சனத்தை அங்கே கூப்பிடுவது ரெண்டு காரியத்துக்கு: நச்சுக்கொடி புதைக்க, தீட்டுத் துணி எடுக்க. பிள்ளை குறுக்கே நின்று, நாவிதரம்மாவும் கையை விரித்துவிட்டால் மட்டும் நடுச்சாமத்தில் பொடக்காலி வழியாக அம்மாயியைக் கூட்டிப் போவார்கள். கைவைத்துத் திருப்பி எடுப்பாள். அப்போது அந்தக் கைக்குத் தீட்டில்லை. தீட்டுக் கழித்த மறுநாள் அதே பிள்ளையை அவள் தொடக்கூடாது. வளர்ந்ததும் அந்தப் பிள்ளை அவளைக் கூப்பிட்ட விதத்தை இங்கே எழுதக் கை கூசுகிறது. பேரன் வயசு அதுக்கு.

அவளிடம் சொல்லுக்கு என்ன குறைச்சல்? மாதவிலக்கு நின்றால் 'முழுகாம இருக்கறா'. குடம் உடைந்தால் 'பன்னீர்க்குடம் ஒடஞ்சிருச்சு'. மாசம் நெருங்கும்போது வயிறு இறுகி இறுகி விடுகிறதே, அது 'பொய்நோவு'. சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணியைக் குடிக்கக் கொடுத்து, நடக்கச் சொல்லிப் பார்ப்பாள். அடங்கினால் பொய், ஏறினால் நெசம். இந்தப் பொய்நோவைப் பற்றி 1872இல் எழுதினார் என்று ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் பெயரையே அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் பெண்களுக்கு அந்த நோவு வந்ததே இல்லை போல.

கருப்பை வாய் திறப்பதை அம்மாயி விரலால் அளப்பாள். ரெண்டு விரல், மூணு விரல். அஞ்சு விரல் என்றால் தலை இறங்கப் போகிறது. டாக்டர்கள் சென்டிமீட்டரில் சொல்கிறார்கள், பத்து வந்தால் முழுசு. கணக்குப் போட்டுப் பாருங்கள், ரெண்டும் ஒன்றுதான். சொல்லப்போனால் இன்றைக்கும் நம் ஆஸ்பத்திரிகளில் 'மூணு விரல் ஓப்பன்' என்றுதான் நர்சுகள் கூவுகிறார்கள். அம்மாயியின் அளவு உள்ளே போய்விட்டது, அம்மாயி வெளியே நிற்கிறாள். மருத்துவர் என்றால் வெள்ளைக்கோட்டு, மருத்துவச்சி என்றால் சாதி.

உடனே அம்மாயியைத் தெய்வமாக்கிப் படையல் போட ஒரு கூட்டம் தயாராய் நிற்கிறது, இயற்கைப் பிரசவம், பாட்டி வைத்தியம் என்று. அவர்களுக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 2018 ஜூலையில் இதோ பக்கத்துத் திருப்பூரில், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பேறு பார்க்க முயன்று, ரத்தம் போய் ஒரு பெண் செத்தாள். அடுத்த மாசமே கோவையில் வீட்டுப் பிரசவப் பயிற்சி என்று விளம்பரம் கொடுத்தவரைப் போலீஸ் பிடித்தது. அம்மாயி இருந்திருந்தால் அந்த ஆட்களைச் சீவக்கட்டையால் சாத்தியிருப்பாள். அவளுக்குப் பிறந்த ஏழில் தங்கியது நாலு. நச்சுக்கொடி வரவில்லை என்றால் தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். "வெளிய வந்தாக் கொடி, உள்ள நின்னா நஞ்சு" என்பாள். வண்டி கட்டச் சொல்லி முதலில் கத்துகிறவள் அவள்தான். வண்டி கொடுக்கத்தான் ஆளில்லை.

நம் சொல்லிலும் அழுக்கு இருக்கிறது. ஒன்பது மாசம் பிள்ளைக்குச் சோறு ஊட்டிய உறுப்பைப் பார்த்து நஞ்சு என்கிறோம். கொடி கழுத்தில் சுற்றிப் பிறந்தால் மாலை சுத்திப் பிறந்தது, மாமனுக்கு ஆகாது என்று பச்சைப் பிள்ளைமேல் பழி போடுகிறோம். எத்தனையோ பிள்ளைகள் அப்படித்தான் பிறக்கின்றன. எத்தனை மாமன்கள் செத்தார்கள்? டாக்டரின் சொல்லை நாம் கற்றே ஆகவேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பேறு ஆஸ்பத்திரியில்தான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 45 சதவீதம் கத்தி வைத்து எடுத்தவை. தனியாரில் அது 64ஐ ஒட்டி வருகிறது, அரசில் 36. இந்த வித்தியாசத்துக்குப் பெண்களின் இடுப்பெலும்பு காரணமா, பில்லு காரணமா? 'நார்மல்' என்று எழுதிய பேறிலும் கீழே வெட்டித் தைத்திருப்பார்கள், அதற்கு எபிசியோடமி என்று பேர். எல்லோருக்கும் வழக்கமாய் வெட்டாதே என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் எழுத்தில் கொடுத்திருக்கிறது. கூட ஆள் இருக்க விடு என்றும் அதே ஏட்டில் இருக்கிறது. வெட்டப்பட்டவளைக் கேட்டால் "தையல் போட்டாங்க" என்பாள். வெட்டியது அவள் கணக்கிலேயே வராது.

கேட்பது பெரிசாய் ஒன்றுமில்லை. கத்திக்கும் ஊசிக்கும் செம்புக்கும் முன்னால் அவள் பேச்சில் அவளிடம் சொல். வேண்டாம் என்றால் வேண்டாம். கையெழுத்தோ ரேகையோ வாங்குகிற தாளை உரக்கப் படித்துக் காட்டு. வீட்டுக்கு அனுப்புகிற சீட்டில் என்ன செய்தாய், உள்ளே என்ன வைத்தாய் என்று தமிழில் எழுது. மகப்பேறு என்று எழுதுகிறாயா, பேறுகாலம் என்று எழுதுகிறாயா, அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். டாக்டருக்கு நேரமில்லை என்பார்கள். ஆறெழுத்து எழுத நேரம் இருந்ததல்லவா, ஒரு வரி சேர்த்து எழுதட்டும்.

என் சீட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. செம்பை எடுத்தாயிற்று. ஆறெழுத்துக்குக் கீழே பால்பாயின்ட் பேனாவால் அர்த்தம் எழுதி வைத்திருக்கிறேன். வளவில் யாராவது மாசமாய் இருந்தால் வந்து வாங்கிப் போகிறார்கள்.