நலவாழ்வுப் பகுதி: குறட்டையை மறைத்தேன்

சென்ற மழைக்காலத்தில் என் தமக்கையாருக்குப் பித்தப்பைக் கல்லுக்காக அறுவைச் சிகிச்சை நடந்தது. அவருக்கு இந்தி வராது. ஆகவே மயக்க மருந்து டாக்டரின் கேள்விகளை மொழிபெயர்க்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. உறக்கத்தில் ‘கர்ராட்டா’, அதாவது குறட்டை, உண்டா என்று டாக்டர் வினவினார். அந்நியர் முன் பெண்பிள்ளையின் குறட்டையைப் பேசுவதா என்று நாணி, அக்காளைக் கேளாமலே “இல்லை” என்றேன். இரவில் அவர் தூக்க மாத்திரை விழுங்குவதையும் சொல்லவில்லை. உடல் எடை 94 கிலோ. அதைத் தராசே சொல்லிவிட்டது.

சிகிச்சை நன்கு முடிந்தது. அன்றிரவு வலிக்கு ஊசி போட்டார்கள். குறட்டை ஓங்கி எழுந்து, சட்டென்று நின்றது. நிம்மதியாக உறங்குகிறார் என்று நான் மகிழ்ந்தேன். மறுகணம் விரலில் மாட்டியிருந்த கருவி 81 என்று காட்டிக் கூவிற்று. நர்ஸ் ஓடிவந்து, அவரைத் தட்டி எழுப்பி, தலைப்பக்கத்தை உயர்த்திப் பிராணவாயு கொடுத்த பிறகே அந்த எண் ஏறியது. உண்மையை அப்போதுதான் சொன்னேன்.

மறுநாள் டாக்டர் பொறுமையுடன் விளக்கியதை இங்கே தருகிறேன். மூச்சை வெளியே விட்ட பின்னும் நுரையீரலில் சிறிது காற்று தங்கும். அதுவே நம் சேமிப்பு. பருத்த உடலினர் மல்லாந்து படுத்தால் வயிற்றின் பாரம் உதரவிதானத்தை மேலே தள்ளி அதைச் சுருக்கிவிடுகிறது. மயக்க மருந்தில் தசைகள் தளர்ந்தால் இன்னும் சுருங்கும். நுரையீரலின் அடிப்புறத்துச் சிற்றறைகள் சில மூடிக்கொள்ளும். உடலுக்குத் தேவைப்படும் பிராணவாயுவோ அதிகம். வரவு குறைந்து செலவு மிகுந்த குடும்பத்தின் நிலைதான்! முன்கூட்டிப் பிராணவாயு ஊட்டியிருந்தாலும், மெலிந்தவர் மூச்சின்றி ஏழெட்டு நிமிடம் தாங்குவார். மிகப் பருத்தவருக்கு மூன்று நிமிடமும் நிச்சயமில்லை.

ஆதலால் மயக்குமுன் தலையையும் தோள்களையும் உயர்த்திக் கிடத்துகிறார்கள். இயந்திரம் தரும் மூச்சின் அளவை எடையைக் கொண்டு அல்ல, உயரத்தைக் கொண்டே கணக்கிடுகிறார்கள். உடல் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை அல்லவா?

மருந்துத் தேர்விலும் கவனம் வேண்டும். மிடசோலம் போன்ற உறக்க மருந்துகளும் மார்பின், பென்டனில் முதலிய வலி மருந்துகளும் மூச்சின் வேகத்தை அடக்குவன. தொண்டைத் தசைகளையும் தளர்த்தும். இரண்டும் சேர்ந்தால் அபாயம் பெருகும். டெக்ஸ்மெடிடோமிடின் மூச்சை அவ்வளவு அடக்குவதில்லை. ஆனால் நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கக்கூடும். உரத்த குறட்டை விடுவோரில் பலருக்கு உறக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் இருப்பதால், அவர்களை முதலிலேயே அறிந்துகொள்ள டாக்டர்கள் விரும்புகிறார்கள். டொரான்டோ நகரின் டாக்டர் பிரான்சிஸ் சங் முதலியோர் 2008ல் வெளியிட்ட எட்டுக் கேள்விகளில் முதற்கேள்வியே குறட்டைதான். களைப்பு, உறக்கத்தில் மூச்சு நின்றதைப் பிறர் கண்டது, ரத்த அழுத்தம், எடை, வயது, கழுத்தின் சுற்றளவு, ஆணா பெண்ணா என்பன ஏனையவை. மூன்றாவது கேள்விக்கு நோயாளியைவிட அருகில் படுப்பவரே சரியான விடை கூற இயலும். எனவே அவரையும் அழைத்துச் செல்லுங்கள். இரவில் மூச்சுக்கருவி பூட்டிக்கொள்பவர் அதையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

பத்து நாள் கழித்துத் தையல் பார்க்கச் சென்றோம். டாக்டர் எதுவும் கேட்குமுன்பே தமக்கையார் என்னை விலக்கிவிட்டு, “கர்ராட்டா, பஹுத்” என்றார்.