கடன்பட்ட வைத்தியர்

ஜெர்மானியர் எதற்கெல்லாம் அஞ்சுகிறார்கள் என்பதை ஒரு காப்பீட்டு நிறுவனம் 1992ஆம் ஆண்டு தொடங்கி வருஷந்தோறும் கணக்கெடுத்து வெளியிட்டுவருகிறது. விலைவாசி ஏற்றத்துக்கு அஞ்சுவோர் இத்தனை சதவீதம், நோய்க்கு அஞ்சுவோர் இத்தனை சதவீதம் என்று வரிசைப்படுத்தும் அந்த அறிக்கையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத நினைத்திருந்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை, பார்மன் பகுதியில் ஒரு வீட்டில் கூடிய எங்கள் தமிழ் ஜெபக்கூட்டத்தில், பெரியவர் ஒருவர் அதே பட்டியலை உரக்க வாசித்துவிட்டு, "விசுவாசிகளாகிய நமக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை, கவலைப்படுகிறவனுக்கு விசுவாசம் குறைவு என்றே அர்த்தம்" என்று பிரசங்கத்தை முடித்தபோது, சதவீதங்களில் எனக்கிருந்த ஆர்வம் முழுவதும் போய்விட்டது.

அவருக்கு எதிரே, மகனுடைய வதிவிட அனுமதி புதுப்பிக்கப்படுமா என்று மாதக்கணக்காகக் காத்திருக்கும் ஒரு தாய் உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்தபின் அடுக்களையில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, "அண்ணை, தபால்பெட்டிச் சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடக்குது. அப்ப நான் விசுவாசம் இல்லாதவளோ?" என்று என்னிடம் கேட்டார். "இல்லைத் தங்கச்சி" என்றேன். ஏன் இல்லை என்பதைக் குழாயடியில் நின்றபடி விளக்கிவிட முடியுமா?

எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில், ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் புஷ்பங்களையும் காட்டிக் கர்த்தர் பேசியது, நாளைய ஆகாரத்தை நினைத்து ஏங்கிய எளிய ஜனங்களைத் தேற்றுவதற்காக. அந்த ஆறுதலையே எடுத்து, ஏங்குகிறவர்களின்மேல் சாட்டும் குற்றமாக மாற்றுவது எப்பேர்ப்பட்ட கொடுமை! கெத்செமனே தோட்டத்தில் அவரே வியாகுலப்பட்டார் என்று சுவிசேஷகர்கள் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்களே, அந்தப் பக்கத்தை நாம் என்ன செய்வது?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசித்துவருவோருக்கு அஞ்சிக்கொண்டே விசுவாசித்த வைத்தியர் யுங்-ஸ்டில்லிங் புதியவர் அல்லர். ஆயினும் இன்று அவரை மறுபடியும் அழைக்காமல் தீராது. இப்போது வுப்பர்டால் என்று ஒரே பெயரில் வழங்கும் இந்நகரம், எல்பர்ஃபெல்ட் என்றும் பார்மன் என்றும் வுப்பர் நதியோரத்தில் தனித்தனி ஊர்களாக இருந்து, 1929ஆம் ஆண்டில்தான் ஒன்றாயிற்று. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர், 1772ஆம் ஆண்டில், எல்பர்ஃபெல்டில் வைத்தியத் தொழில் தொடங்க வந்தவர் இவர். தையற்காரராகவும் பள்ளிக்கூட ஆசிரியராகவும் ஜீவனம் செய்து, முப்பது வயதில் ஸ்ட்ராஸ்பூர்க் சென்று வைத்தியம் கற்றவர். இன்று இந்நகரத்தின் பகுதியாகிவிட்ட ரோன்ஸ்டார்ஃபைச் சேர்ந்த கிறிஸ்டீனை, அவள் நோயுற்றிருந்த காலத்திலேயே மணந்தவர். படிக்கும்போதே ஏறத் தொடங்கிய கடன், எல்பர்ஃபெல்டில் கழித்த ஆறு வருஷங்களிலும் அவரை விடவில்லை. இலங்கை வேந்தனின் கலக்கத்தைச் சொல்ல வேறு உவமை கிடைக்காமல் கடன்பட்டவனின் நெஞ்சைத் தேடிப்போன மரபு நம்முடையதாகையால், அந்த ஆறு வருஷங்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை.

1774ஆம் ஆண்டு கோடையில், விடுதியொன்றில் அந்நியர் ஒருவர் நோயாகக் கிடப்பதாக அவருக்கு ஆள் வருகிறது. போய்ப் பார்த்தால், தலையைத் துணியால் மூடிக்கொண்டு படுத்திருக்கும் நோயாளி கையை மட்டும் நீட்டுகிறார். வைத்தியர் அக்கறையோடு நாடி பிடித்துப் பார்க்கிறார். நோயாளி துள்ளியெழுந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார். ஸ்ட்ராஸ்பூர்க் நண்பர் கதே! அன்றைக்கு அந்தக் கடன்பட்ட மனிதருக்கு உண்டான ஆனந்தத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கும் மனம் நிறைகிறது.

மறுவருஷம் நடந்ததோ வேறு. கண்புரை நீக்கும் சிகிச்சையில் பேரெடுத்திருந்த ஸ்டில்லிங்கை, இரு கண்களும் இருண்டுபோன லெர்ஸ்னர் என்னும் கனவானுக்குச் சிகிச்சை செய்யும்படி பிராங்க்ஃபர்ட்டுக்கு அழைத்தார்கள். பேசிய ஊதியம் ஆயிரம் குல்டன். கதேயின் இல்லத்திலேயே தங்கி, ஜெபித்து, நடுங்கி, மீண்டும் ஜெபித்து அவர் செய்த அந்தச் சிகிச்சை பலிக்கவில்லை. பார்வையைக் கொடுக்க முடியாத துக்கமும், தீராத கடனின் பாரமும் ஒருசேர அழுத்த, அவர் எல்பர்ஃபெல்டுக்குத் திரும்பினார். இத்தனைக்கும் அவர் விசுவாசம் குறைந்தவர் அல்லர். கர்த்தர் கைவிடார் என்பதையே தம் சரித்திரம் முழுவதற்கும் ஆதாரமாக வைத்து எழுதியவர். அஞ்சினார், அஞ்சிக்கொண்டே அடுத்த குருடரின் படுக்கையண்டைக்கும் போனார். 1817ஆம் ஆண்டில் காலமாவதற்குள் எத்தனையோ ஏழைகளுக்குக் காசு வாங்காமல் பார்வை தந்தார்.

மனிதன் தன் அஜாக்கிரதையால் வருவித்துக்கொண்ட கஷ்டத்தையும் தெய்வத்தின் போதனை என்று சொல்லும் ஸ்டில்லிங்கின் வழக்கம் தமக்கு ஒவ்வவில்லை என்று கதே தம் சுயசரிதத்தில் எழுதுகிறார். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. கணக்கு வழக்கில் ஸ்டில்லிங் சமர்த்தர் அல்லர் என்பதும், ஜெபத்தோடு கூட ஒரு வரவுசெலவுக் குறிப்பும் வைத்திருந்தால் கிறிஸ்டீன் அவ்வளவு வருந்தியிருக்க மாட்டாள் என்பதும் என் அபிப்பிராயம். அனுமதிக் கடிதத்துக்குக் காத்திருக்கும் தாய்க்கும், ஜெபத்தோடு ஒரு நல்ல வக்கீல் அவசியம். அவரைத் தேடிப்போவது அவிசுவாசம் ஆகாது.

அதே காலத்தில் சென்னை வேப்பேரியிலும் இப்படி ஒருவர் இருந்தார். 1740ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி யோஹான் பிலிப் ஃபப்ரீசியுஸ், பறவைகளையும் புஷ்பங்களையும் பற்றிய அந்த அதிகாரம் அடங்கிய புதிய ஏற்பாட்டை நம் மொழியில் பெயர்த்து 1772ல் அச்சேற்றியவர். ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் பலவற்றைத் தமிழில் பாடவைத்தவர். பிறர் ஒப்படைத்த பணத்தைக் கடனாகக் கொடுத்து, அது திரும்பி வராமற்போக, முதிர்ந்த வயதில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். அவரும் சக மிஷனரி பிரைட்ஹாப்டும் தொகுத்த தமிழ் அகராதி 1779ல் வெளிவந்தது. கவலைப்படுகிறவனுக்கு விசுவாசம் இல்லை என்று தீர்ப்புக் கூறுவோர், இவர் தமிழாக்கிய ஞானப்பாட்டுகளைப் பாடுவதற்கு முன் இவருடைய கடைசி வருஷங்களையும் ஒருமுறை வாசிக்கட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அதை நானே வாசிக்க அனுமதி கேட்டிருக்கிறேன்.