லண்டன் தெருவில் பசியோடு நடந்த பையன்

புது ஊரில் போய் இறங்கியதும் முதலில் தேடுவது என்ன? இன்றைக்கு வைஃபை. அடுத்தது சாப்பாடு. ‘வெஜ் ரெஸ்டாரன்ட்’ என்று போனில் தட்டினால் போதும், எந்தத் தெரு, எத்தனை நிமிட நடை என்பதுவரை வந்துவிடும். 1888-ல் லண்டனில் இறங்கிய ஒரு குஜராத்திப் பையனுக்கு அப்படி ஒரு கடையைக் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆனது. அதற்காக ஒரு நாளைக்கு 10, 12 மைல் நடந்தார். நம் கணக்கில் 16 முதல் 19 கிலோமீட்டர்.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்திக்கு அப்போது 19 வயது நிறைய இன்னும் சில நாள்கள் இருந்தன. ஊரில் மனைவி கஸ்தூர்பா, கைக்குழந்தை ஹரிலால். படிப்புச் செலவு அண்ணன் பொறுப்பு. கடல் தாண்டிப் போகக் கூடாது என்று சாதிப் பெரியவர்கள் பம்பாயில் கூட்டம் போட்டுத் தடுத்தார்கள். கேட்கவில்லை என்றதும் சாதியைவிட்டே தள்ளிவைத்தார்கள். வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு ரூபாய் நாலணா அபராதம் என்றும் அறிவித்தார்கள்.

அம்மா புத்லிபாய்க்கு வேறு கவலை. சீமைக்குப் போகிற பையன்கள் கெட்டுப்போய்விடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பேச்சர்ஜி சுவாமி என்ற சமணத் துறவி முன்னிலையில், மதுவையும் மாமிசத்தையும் மாதரையும் தொட மாட்டேன் என்று மகனைச் சத்தியம் செய்யவைத்த பிறகுதான் அனுமதி கொடுத்தார். அந்தச் சத்தியம்தான் லண்டனில் பையனைப் பட்டினி போட்டது.

செப்டம்பர் 4-ம் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார். ஆங்கிலத்தில் பேசக் கூச்சம். முள்கரண்டியும் கத்தியும் பிடிக்கத் தெரியாது. மேஜையில் வைக்கும் பதார்த்தங்களில் எதில் மாமிசம் இல்லை என்று பரிமாறுகிறவரைக் கேட்கவும் வாய் வரவில்லை. அதனால் சாப்பாட்டுக் கூடத்தின் பக்கமே போகாமல், கையில் கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் கேபினிலேயே உட்கார்ந்து தின்று நாள்களைக் கழித்தார்.

இறங்கும் நாளுக்கென்று நண்பர்கள் வாங்கிக்கொடுத்த வெள்ளை ஃபிளானல் சூட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். இறங்கும்போது அதுதான் எடுப்பாக இருக்கும் என்று அவருக்கு நினைப்பு. ஆனால், அது செப்டம்பர் கடைசி. குளிர் தொடங்கிவிட்ட ஊரில் எல்லோரும் கறுப்பிலும் சாம்பல் நிறத்திலும் போய்க்கொண்டிருக்க, வெள்ளை உடையில் நின்றது இவர் ஒருவர்தான். சரி, மாற்றிக்கொள்ளலாம் என்றால் பெட்டியும் சாவியும் ஏஜென்டிடம் போய்விட்டன. அன்றைக்குச் சனிக்கிழமை. மறுநாள் விடுமுறை. திங்கட்கிழமைவரை அதே வெள்ளை உடைதான். புது காலேஜில் முதல் நாள் தப்பான உடையில் போய் நின்றவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

கப்பலில் உடன் வந்த ஜுனாகத் வக்கீல் மஜும்தாரோடு தங்கியது, டிரஃபால்கர் சதுக்கத்துக்கு அருகிலுள்ள விக்டோரியா ஹோட்டலில். அங்கே ஒரு சின்ன அறையின் கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டிய அறை போலிருக்கிறது என்று நினைத்தார். மறுபடி கதவு திறந்தபோது இரண்டாம் மாடியில் இருந்தார்கள். மோகன்தாஸ் பார்த்த முதல் லிஃப்ட் அது. இதை அவரே தன் லண்டன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

அன்று இரவு எட்டு மணிவாக்கில் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா பார்க்க வந்தார். லண்டனில் பழகிய மனிதர். அவர் பளபளவென்ற உயரத் தொப்பியை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, இவர் சும்மா இருக்க முடியாமல் அதை எடுத்துத் தடவிப் பார்த்தார். தடவியதும் எதிர்த்திசையில். தொப்பியின் மென்மயிர் கலைந்து நின்றது. மேத்தா கோபமாகப் பார்த்தார். அங்கேயே பாடம் ஆரம்பமானது: அடுத்தவர் பொருளைத் தொடாதே. முதல் அறிமுகத்திலேயே நம் ஊர் மாதிரி குடும்ப விவரம் எல்லாம் கேட்காதே. சத்தமாகப் பேசாதே. யாரைப் பார்த்தாலும் ‘சார்’ போடாதே, இங்கே வேலைக்காரர்கள்தான் எஜமானரை அப்படிக் கூப்பிடுவார்கள்.

எல்லாம் சரி, சாப்பாடு? ஹோட்டலில் ஒரு பதார்த்தம் கேட்டார், பிடிக்கவில்லை. இன்னொன்று கேட்டார். இரண்டுக்கும் காசு வாங்கினார்கள். வயிற்றை நிரப்பியது பம்பாயிலிருந்து கொண்டுவந்த தின்பண்டம்தான். இரண்டு நாளில் காலி செய்துவிட்டுக் கிளம்பும்போது வந்த பில், மூன்று பவுண்டு. அதிர்ந்துபோனார்.

அடுத்து வாடகை அறை. இரவானால் அம்மாவின் ஞாபகம் வந்துவிடும். கண்ணீர் கன்னத்தில் வழிய, தூக்கமில்லாமல் கிடந்தார். யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னாலும் தீராது. மனிதர்கள், பழக்கவழக்கம், வீடுகள் எல்லாமே அந்நியம். திரும்பிப் போகலாம் என்றால், சாதியை எதிர்த்து, அண்ணனைச் செலவழிக்கவைத்து வந்தாயிற்று. மூன்று வருடத்தை முடித்துத்தான் ஆக வேண்டும்.

மேத்தாவின் ஏற்பாட்டில் ரிச்மண்டில் ஒரு நண்பரோடு ஒரு மாதம் தங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சி, அதில் ஓரளவு வயிறு நிறையும். மதியமும் இரவும் கீரை, ரொட்டி, ஜாம். ரொட்டி இரண்டு மூன்று துண்டு. அதற்குமேல் கேட்க வெட்கம். நல்ல பசி எடுக்கிற வயது. அந்த நண்பருக்கு இதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ‘படிப்பறிவில்லாத அம்மாவுக்கு, இந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாத அம்மாவுக்குச் செய்துகொடுத்த சத்தியம் எப்படிச் செல்லும்?’ என்று தினமும் வாதாடினார். பெந்தம் எழுதிய தத்துவ நூலைப் படித்துக்காட்டினார். மோகன்தாஸிடம் பதில் வாதம் எதுவும் இல்லை. ‘மாமிசம் சாப்பிடுவது அவசியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் சத்தியம் சத்தியம்தான்’ என்ற அளவில் நின்றுகொண்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நாள்களில் அவர் மனதாரச் சைவம் இல்லை. பள்ளி நாள்களில் நண்பன் பேச்சைக் கேட்டு ரகசியமாக மாமிசம் தின்று பார்த்தவர். இந்தியர்கள் எல்லோரும் மாமிசம் சாப்பிட்டால்தான் பலம் வரும், ஒருநாள் தானும் பகிரங்கமாகச் சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டவர். லண்டனில் அவரைத் தடுத்தது அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு மட்டும்தான். கொள்கை இருக்கிறவனுக்குப் பட்டினி அவ்வளவு பாரமாகத் தெரியாமல் போகலாம். நம்பிக்கை இல்லாத ஒன்றுக்காக, கொடுத்த வாக்கு ஒன்றுக்காகவே பசித்திருப்பது இன்னும் கஷ்டம்.

பிறகு மேற்கு கென்சிங்டனில், பாரன்ஸ் கோர்ட் சாலையில் குடியேறினார். இன்றும் 20-ம் எண் வீட்டு வாசலில் அவர் பெயர் போட்ட நீல வட்டப் பலகை உண்டு. வீட்டுக்கார அம்மாள் ஒரு விதவை, இந்தியாவில் இருந்துவிட்டு வந்தவர். அவருக்கு இரண்டு பெண்கள். சாப்பிடும்போது அந்தப் பெண்கள் பரிவோடு இன்னும் ஒன்றிரண்டு துண்டு ரொட்டி எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஒரு முழு ரொட்டி இருந்தால்தான் தன் பசி அடங்கும் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

அந்த அம்மாள்தான் ஒருநாள் பேச்சுவாக்கில், நகருக்குள் சைவ உணவகங்கள் இருக்கின்றன என்றார். எந்தத் தெரு என்பது இல்லை. அது போதுமானதாக இருந்தது. மோகன்தாஸ் நடக்கத் தொடங்கினார்.

அன்றைய லண்டன் 40 லட்சத்துக்கும் அதிகமான ஜனம் வாழ்ந்த ஊர். தெருவெல்லாம் குதிரை வண்டி, குதிரை டிராம், வீட்டுக்கு வீடு நிலக்கரிப் புகை. அந்த இலையுதிர் காலத்தில்தான் கிழக்கு லண்டனில் ‘ஜாக் தி ரிப்பர்’ கொலைகள் நடந்துகொண்டிருந்தன. பத்திரிகை முழுக்க அதே பேச்சு. பையனும் அப்போதுதான் பத்திரிகை படிக்கவே பழகியிருந்தார். ஊரில் இருந்தவரை படித்ததில்லை. இங்கே டெய்லி நியூஸ், டெய்லி டெலிகிராஃப், பால் மால் கெஜட் மூன்றையும் புரட்ட ஒரு மணி நேரம்கூட ஆகாது. மீதி நேரம் தெருவுக்குத்தான்.

பூமிக்கடியில் ரயில் ஓடிய ஊர் அது. உலகின் முதல் சுரங்க ரயில் 1863-ல் அங்கேதான் வந்தது. ஆனால், பெயர் தெரியாத கடையைத் தேடுகிறவர் எந்த நிலையத்தில் போய் இறங்குவார்? நடந்தால்தான் இரண்டு பக்கக் கடைகளின் பெயர்ப் பலகையையும் படிக்கலாம். சந்து தெரிந்தால் நுழைந்து பார்க்கலாம். கால் வலித்தால் மலிவாக இருக்கிற ஒரு கடைக்குள் போய் ரொட்டியை வாங்கி வயிறு முட்டத் தின்பார். வயிறு நிறையும், திருப்தி வராது. மறுநாள் மறுபடி நடை. வழியில் மனசு, ‘கிடைக்கும், கிடைக்கும்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். தன்னைக் காப்பாற்றும்படி தினமும் கடவுளையும் வேண்டிக்கொண்டார்.

ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் கிடைத்தது.

பாரன்ஸ் கோர்ட் சாலையிலிருந்து ஃபாரிங்டன் தெருவுக்கு இன்று வரைபடத்தில் வழி போட்டுப் பார்த்தால் சுமார் 8 கிலோமீட்டர் காட்டும். கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட், ஹைட் பார்க் ஓரம், பிக்காடிலி, ஸ்ட்ராண்ட், பத்திரிகை ஆபீஸ்கள் நிறைந்திருந்த ஃப்ளீட் ஸ்ட்ரீட், அதன் முடிவில் இடப்பக்கம் திரும்பினால் ஃபாரிங்டன். போக 8, வர 8. அவர் எழுதிய 10 மைல் கணக்கு இதற்குள் அடங்கிவிடுகிறது. இதில் இன்னொரு வேடிக்கை. அவர் 1888 நவம்பர் 6-ம் தேதி சட்டம் படிக்கச் சேர்ந்த இன்னர் டெம்பிள் இருப்பது அதே ஃப்ளீட் ஸ்ட்ரீட்டை ஒட்டி. அங்கிருந்து அந்தச் சைவக் கடைக்குச் சில நிமிட நடைதான்.

ஆசைப்பட்ட பொருள் கையில் கிடைத்த குழந்தையின் சந்தோஷம் என்று அந்த நிமிடத்தைப் பின்னாளில் ‘சத்திய சோதனை’யில் வர்ணித்திருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் நேராகச் சாப்பாட்டு மேஜைக்குப் பாய்ந்திருப்பார்கள். இவர் வாசலிலேயே நின்றார். கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடிக்குள் விற்பனைக்குப் புத்தகங்கள் வைத்திருந்தார்கள். அதில் ஹென்றி சால்ட் எழுதிய, சைவ உணவுக்கு ஆதரவான புத்தகம் ஒன்று. ஒரு ஷில்லிங் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு, பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார். இங்கிலாந்துக்கு வந்த பிறகு வயிறாரச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது.

புத்தகத்தை ஒரு வரி விடாமல் படித்து முடித்தார். ரிச்மண்ட் நண்பருக்குச் சொல்லத் தெரியாமல் விழித்த பதில்கள் எல்லாம் அதில் இருந்தன, அதுவும் ஒரு வெள்ளைக்காரர் எழுதியவை. அன்றிலிருந்து தானே விரும்பிச் சைவமானதாக அவர் எழுதுகிறார். அம்மா வாங்கிய சத்தியம் மகனின் சொந்த முடிவானது அந்தச் சாப்பாட்டுக் கடையில்தான்.

நண்பர் விடவில்லை. பையன் இப்படியே போனால் கிறுக்காகிவிடுவான் என்ற கவலை அவருக்கு. நாடகம் பார்க்கக் கூப்பிட்டு, அதற்குமுன் ஹோல்போர்ன் ரெஸ்டாரன்ட்டில் விருந்து வைத்தார். அரண்மனை மாதிரி இடம். முதலில் சூப் வந்தது. இதில் என்ன சேர்த்திருக்கிறார்கள்? நண்பரிடம் கேட்கத் துணிச்சல் இல்லாமல், மோகன்தாஸ் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். நண்பருக்கு முகம் சிவந்துவிட்டது. நாகரிகமான இடத்துக்கு நீ லாயக்கில்லை, வேறு எங்காவது போய்ச் சாப்பிட்டுவிட்டு எனக்காக வெளியே காத்திரு என்று சொல்லிவிட்டார். இவர் சந்தோஷமாக எழுந்து வெளியே வந்தார். பக்கத்திலேயே ஒரு சைவக் கடை இருந்தது. மூடியிருந்தது. அன்று இரவு சாப்பாடு இல்லை. நண்பரோடு போய் நாடகம் பார்த்தார். நடந்ததைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. இரண்டு பேருமே நல்ல மனிதர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கடை தேடிப் பழகிய நடை பிறகு நிற்கவில்லை. செலவைக் குறைக்க நினைத்தபோது, போகவேண்டிய இடத்துக்கு அரை மணியில் நடந்து போகிற தூரத்தில் அறை பார்த்துக்கொண்டார். வண்டிச் சத்தம் மிச்சம், நாளைக்கு எட்டுப் பத்து மைல் நடையும் ஆனது. இங்கிலாந்தில் இருந்தவரை பெரிதாக நோய் நொடி இல்லாமல் இருந்ததற்கு இந்த நடைதான் காரணம் என்று சொல்லியிருக்கிறார். கூச்சம் மட்டும் சீக்கிரம் போகவில்லை. சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். கூட்டங்களில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பார்.

1931 நவம்பரில் அதே லண்டன் சைவ உணவுச் சங்கம் அவரைப் பேசக் கூப்பிட்டது. வட்டமேஜை மாநாட்டுக்காக வந்திருந்தார். அப்போது அவருக்கு 62 வயது. தண்டி யாத்திரை முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மேடையில் பக்கத்து நாற்காலியில் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். ஒரு ஷில்லிங் புத்தகத்தை எழுதிய ஹென்றி சால்ட்.