வானத்துக் கோடும் வதந்திக் கூட்டமும்

அண்ணாமலை உச்சிக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு நீண்டால் போதும், திருவண்ணாமலை வீதியிலே கதை பிறந்துவிடுகிறது. "வால் நட்சத்திரம்" என்கிறார் ஒருவர். "ராக்கெட்" என்கிறார் மற்றொருவர். "சோதி!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார் மூன்றாமவர். "போர் விமானம் மருந்து தெளித்துவிட்டுப் போகிறது" என்கிறார், கைப்பேசியில் படித்த நான்காமவர். நால்வரையும் நாம் கேலி செய்யவில்லை. அண்ணாந்து பார்ப்பவனுக்கு, அவன் பார்ப்பது இன்னதென்று சொல்லித்தர யார் முன்வந்தார்கள்?

அந்தக் கோடு நஞ்சுமல்ல, சோதியுமல்ல, உறைபனி! விமானம் எண்ணெயை எரிக்கும்போது நீராவியும் வெளிப்படுகிறது. பதினோரு, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்திலே குளிர், சுழியத்துக்குக் கீழே 40 பாகையையும் தாண்டும். அங்கே அந்த நீராவி, புகைத்துகளைப் பற்றிக்கொண்டு நொடியிலே உறைகிறது. காற்று வறண்டிருந்தால் கோடு உடனே கரையும். ஈரமாயிருந்தால் மணிக்கணக்கில் நின்று, பரந்து, மேகமாகவே மாறிவிடும். போர் விமானமாயினும் பயணிகள் விமானமாயினும் நியதி ஒன்றே. தாழப் பறக்கும் போர் விமானம் நம் வெயிலில் கோடே போடாது.

பிறகு எப்படி இனம் காண்பது? கிரிவலம் வருவோரிடம் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: முழுநிலா! அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து கடலைக் கண்காணிக்கப் பறக்கும் பி-8ஐ விமானத்தின் நீளம் ஏறத்தாழ 39 மீட்டர். பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் அது நிலாவின் அகலத்தில் பாதிகூடத் தெரியாது. தஞ்சையில் 2020 சனவரி முதல் நிற்கும் சுகோய்-30 ஏறத்தாழ 22 மீட்டர். நிலாவில் கால்பங்குகூட இல்லை. அதற்கு வால்பக்கம் இரட்டைச் செங்குத்துத் துடுப்பு, நெருங்கிய இரண்டு எந்திரங்கள். சூலூரில் நிற்கும் தேஜசுக்கோ முக்கோணச் சிறகு, ஒற்றை எந்திரம். பி-8ஐ மட்டும் ஏய்க்கும். போயிங் 737 என்ற பயணிகள் விமானத்தின் உடலிலே செய்தது அது! ஓசையை நம்பியும் பயனில்லை. அவ்வளவு உயரத்து ஓசை தரைக்கு வர அரை நிமிடத்துக்கு மேலாகும். அதற்குள் விமானம் எட்டுக் கிலோமீட்டர் போயிருக்கும். ஓசை வந்த திசையிலே தேடுபவன் வெறும் வானத்தைத்தான் காண்பான்.

இதென்ன பொழுதுபோக்குக் கல்வி என்று கேட்பவர்கள், ஈழத்துத் தமிழனைக் கேட்கட்டும். குண்டுகளை உருட்டிவிட்ட பழைய சரக்கு விமானத்துக்கு "சகடை" என்று பெயர் வைத்தான். ஆளில்லா வேவு விமானத்துக்கு "வண்டு" என்றான். 1996இல் வந்த கிபிர், ஓசைக்கு முந்தி வந்து நின்றது. பள்ளிப் பிள்ளைகள் பாட்டுக்கு இராகம் சொல்வதுபோல் இரைச்சலுக்குப் பெயர் சொன்னார்கள்! பெயர் தெரிந்தால்தான் பதுங்குகுழிக்கு ஓடுவதா, நிலத்தோடு படுப்பதா என்று முடிவு செய்யலாம். தெரிந்தும் தப்பாத நாளும் உண்டு. 1995 சூலை 9 அன்று நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் மேல் குண்டு விழுந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே யாழ்ப்பாண வானத்தில் 1987 சூன் 4 அன்று இந்தியாவின் ஐந்து ஆன்டனோவ் விமானங்கள் வந்தன, மிராஜ் போர் விமானங்கள் துணைவர. அவை போட்டது அரிசியும் மருந்தும்! கீழே நின்றவனுக்கு, வருவது எமனா உணவா என்று அண்ணாந்த கண்தான் சொல்லவேண்டியிருந்தது.

இங்கே என்ன நடந்தது? 2025 மே 7 அன்று நாடெங்கும் தற்காப்பு ஒத்திகை நடந்தது. சென்னையிலும் கல்பாக்கத்திலும் நடந்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அதே வாரத்தில், கணினி விளையாட்டுப் படத்தை உண்மைப் போர் என்று நம்பிக் கைப்பேசிகள் இரைந்தனவே! படித்தவர்களும் பரப்பினார்களே! பழைய கதை இது. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் சப்பானியர் குண்டு போட்டது உண்மை. அதை அடுத்து, சப்பானியக் கப்பற்படை சென்னையை நெருங்குகிறது என்ற பொய்ச் செய்தியே சென்னையைக் காலி செய்தது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டுக்குப் பெயர்ந்தன, மக்கள் மூட்டை கட்டினர்.

எந்த விமானம் என்று புறப்படும் என்ற இராணுவ இரகசியத்தையா நாம் கேட்கிறோம்? இல்லை. பிரிட்டனில் இரண்டாம் உலகப் போரின்போது, விமானங்களின் நிழலுருவப் படங்களை வைத்துப் பயின்ற சாதாரணக் குடிமக்கள் தொண்டர்களாக நின்று வானத்தைக் கண்காணித்தார்கள். தஞ்சையும் சூலூரும் அரக்கோணமும் விமானத் தளங்களாய் நிற்கும் தமிழ்நாட்டிலே, அப்படி ஒரு படம் எத்தனைப் பள்ளிச் சுவர்களில் தொங்குகிறது? ஒத்திகைக்குச் சங்கு ஊதிய அதிகாரிகள், அடுத்த முறை ஊதுவதற்கு முன் அந்தப் படத்தைத் தமிழில் அச்சிட்டு, திருவண்ணாமலைப் பள்ளிகளுக்கும் அனுப்பட்டும். நிலாவை அளவுகோலாக்கும் கணக்கை ஒன்பதாம் வகுப்புப் பையனே போட்டுவிடுவான்.