என்றைக்கு இட்ட முட்டை இது? ஒரு கொள்கைப் பிரகடனம்

முட்டைக்கோழிப் பண்ணைகளில் வேலை செய்பவர்கள், ட்ரே கணக்கில் முட்டை வாங்கி விற்பவர்கள், தள்ளுவண்டியில் ஆம்லெட் போடுபவர்கள், பள்ளியில் மதிய உணவு சமைப்பவர்கள், பிள்ளைகளுக்கு முட்டை அவித்துக் கொடுப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து இந்தப் பிரகடனத்தை வெளியிடுகிறோம். எங்களில் சிலருக்குச் சித்தூர், சிலருக்குத் திருப்பதி. சில வீடுகளில் கோடிகுட்டு என்போம், சில வீடுகளில் கோழிமுட்டை என்போம். 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022 ஏப்ரலில் திருப்பதி பிரிந்து தனி மாவட்டமானது. எல்லைக்கோடு மாறினாலும் அடுப்பு மாறவில்லை. இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் சாப்பிடுவது ஒரே முட்டையைத்தான்.

நாட்டிலேயே அதிக முட்டை உற்பத்தியாகும் மாநிலம் ஆந்திரம். 2023-24இல் இந்தியாவில் உற்பத்தியான ஏறத்தாழ 14,277 கோடி முட்டைகளில் சுமார் 18 விழுக்காடு இங்கிருந்து வந்தவை. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலைப் பட்டியலில் சித்தூருக்குத் தனி இடம் உண்டு. முட்டை என்ன விலை என்று காலையிலேயே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. ஆனால் கடையில் கையில் எடுத்த முட்டை என்றைக்கு இட்டது, எந்தப் பண்ணையில் இட்டது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் வாங்கவே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

நாங்கள் அறிந்தவை

சால்மோனெல்லா என்ற கிருமி முட்டைக்குள் இரண்டு வழிகளில் புகுகிறது. முதல் வழி வெளியிலிருந்து. எச்சம் ஒட்டிய ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. ஈரமும் விரிசலும் அவற்றின் கதவைத் திறந்துவிடும். இரண்டாவது வழி உள்ளிருந்து. இந்தக் கிருமியின் என்டரிடிடிஸ் என்ற வகை கோழியின் சினைப்பையில் தங்கி, ஓடு உருவாகும் முன்பே உள்ளே போய்விடும். அப்படிப்பட்ட முட்டையின் ஓடு பளிச்சென்று இருக்கும். மணத்திலும் மாற்றம் தெரியாது. கோழியும் பல நேரங்களில் நோயின்றியே நடமாடும்.

அதனால்தான் சமைப்பவரை மட்டும் குற்றவாளியாக்குவதை நாங்கள் ஏற்கவில்லை. தீவனத்தில் கலக்கும் கருவாட்டுத் தூளில், கொட்டகையில் ஓடும் எலியில், நோயுள்ள தாய்க்கோழியிலிருந்து வந்த குஞ்சில் தொடங்கும் கேடு, கடைசியில் தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கும் அம்மாவின் தலையில் விழுகிறது.

வெயிலும் கிருமிக்குத் துணை. மே மாதத்தில் திருப்பதி 40 டிகிரியைத் தாண்டும். உடலின் சூட்டை ஒத்த வெப்பத்தில் இந்தக் கிருமி அரைமணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்று வைத்தாலும், ஐந்து மணி நேரத்தில் ஒன்று ஆயிரத்தைத் தாண்டிவிடும். காலையில் இருபது முட்டையை ஒரே பாத்திரத்தில் உடைத்து ஊற்றி மாலைவரை கரண்டியால் மொண்டு பயன்படுத்தினால், ஒரு முட்டையில் இருந்த கேடு இருபதுக்கும் பரவும்.

காய்ச்சல், வயிற்றுவலி, பேதி என்று வந்து பெரும்பாலோருக்கு ஒரு வாரத்துக்குள் நோய் அடங்கும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் அது உயிர்ப் பிரச்சினையாகலாம்.

இதைத் தடுக்கும் வழியும் நம் கையிலேயே இருக்கிறது. வெள்ளையும் மஞ்சளும் முழுக்க இறுகும்வரை வேகவைத்தால் கிருமி சாகும்.

எங்கள் கொள்கைகள்

1. முட்டை ஏழைப் பிள்ளையின் சத்து. அதை விலக்கச் சொல்லும் எந்தப் பேச்சோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. விலக்க வேண்டியது அழுக்கை.

2. உணவின் தூய்மை அளந்து பார்க்கக்கூடியது. 2024 செப்டம்பரில் திருமலை லட்டு நெய் குறித்துக் கேள்வி எழுந்தபோது நாடே பேசியது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தனி விசாரணைக் குழு அமைத்தது. பிரசாதத்துக்கு நாம் கேட்ட அதே சோதனையை அங்கன்வாடிக் குழந்தையின் தட்டுக்கும் கேட்கிறோம்.

3. அச்சம் ஊட்டுவது எங்கள் வேலையாகாது. 1988 டிசம்பரில் பிரிட்டனின் இளைய அமைச்சர் எட்வினா கரி, நாட்டின் பெரும்பாலான முட்டை உற்பத்தியில் சால்மோனெல்லா இருப்பதாகச் சொன்னார். விற்பனை சரிந்தது, கோழிகள் கொல்லப்பட்டன, அவர் பதவி விலகினார். அந்த நாட்டை மீட்டது பிறகு நடந்த பொறுமையான வேலை. கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். முட்டையில் சிங்க முத்திரையும் தேதியும் குத்தினார்கள். 2017இல் அந்த முத்திரை முட்டையை அரைவேக்காட்டில் கர்ப்பிணிகளும் சாப்பிடலாம் என்று அரசே அறிவித்தது. அந்த நிலைக்கு வரும்வரை நமக்கு முழு வேக்காடே காவல்.

4. மருந்தால் அழுக்கை மூடக் கூடாது. கோலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுக்க 2019 ஜூலையில் ஒன்றிய அரசு தடை விதித்தது. கண்டபடி கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி பண்ணையில் கிருமியைப் பழக்கி, மருத்துவமனையில் மருந்தைத் தோற்கடிக்கும்.

எங்கள் கோரிக்கைகள்

முட்டை ஒவ்வொன்றிலும் இட்ட தேதியும் பண்ணை எண்ணும் இருக்க வேண்டும். பள்ளி முட்டைக்கு வண்ண முத்திரை குத்துவது ஆந்திரத்துக்குப் புதிதல்ல. அதைக் கடை முட்டைக்கும் கொண்டுவர வேண்டும்.

ஏற்றுமதிப் பெட்டியோடு கால்நடை நலச் சான்றிதழ் போகிறது. பள்ளிக்குப் போகும் ட்ரேயோடும் சோதனைச் சான்று போக வேண்டும்.

கொட்டகை, தீவனம், குஞ்சுப் பொரிப்பகம் மூன்றையும் காலமுறையில் சோதித்து முடிவைப் பொதுவில் வைக்க வேண்டும். திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் அறிவு ஆய்வகத்தைத் தாண்டிக் கொட்டகைக்கு வர வேண்டும். தடுப்பூசிக்கும் எலி ஒழிப்புக்கும் சிறு பண்ணையாளருக்கு அரசு உதவ வேண்டும். உண்மையைச் சொல்லும் பண்ணையாளர் நொடித்துப் போகும்படி விடக் கூடாது.

பச்சை முட்டை மயோனைஸைத் தெலங்கானா 2024 அக்டோபரிலும் தமிழ்நாடு 2025 ஏப்ரலிலும் ஓராண்டுக்குத் தடை செய்தன. சென்னையிலிருந்து திருப்பதிக்கு வரும் பக்தர் சாலையில் எல்லையைக் கடக்கிறார். அவருடைய வயிறு மாறுவதில்லை. இந்த மாவட்டங்களின் கடைகளிலும் பச்சை முட்டையில் செய்த மயோனைஸ் இருக்கக் கூடாது.

ஒரே கடையில் சாப்பிட்ட பலர் பேதியோடு மருத்துவமனைக்கு வந்தால், மாத்திரை கொடுத்து அனுப்பினால் போதாது. மலப் பரிசோதனை செய்ய வேண்டும். முடிவு உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் கால்நடைத் துறைக்கும் உடனே போக வேண்டும்.

எங்கள் உறுதிமொழி

கேட்பதற்கு முன் நாங்கள் செய்வோம். விரிசல் விட்ட முட்டையைக் குறைந்த விலைக்குக்கூட விற்க மாட்டோம், வாங்க மாட்டோம். முட்டையை வெயிலில் அடுக்க மாட்டோம். கழுவி ஈரத்தோடு எடுத்து வைக்க மாட்டோம். கழுவினால் ஓட்டின் மேலிருக்கும் இயற்கைப் பூச்சு போய்விடும் என்று அறிவோம். முட்டையைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டே அடுத்த பாத்திரத்தைத் தொடுவோம். உடைத்த முட்டையை உடனே சமைப்போம். ஆஃப்பாயில் கேட்கும் வாடிக்கையாளரிடம், குறிப்பாகப் பிள்ளையோடு வருபவரிடம், "நல்லா வேகவெச்சுத் தர்றேங்க" என்று சொல்வோம். ஆதாரமில்லாத வாட்ஸ்அப் செய்தியைப் பரப்ப மாட்டோம்.

இந்த இயக்கத்தில் சேரச் சந்தா கிடையாது. நாளைக் காலை கடைக்குப் போய், விலையைக் கேட்ட கையோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "இது என்னைக்கு இட்ட முட்டைங்க?" கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவர் மொத்த வியாபாரியைக் கேட்கட்டும், வியாபாரி பண்ணையைக் கேட்கட்டும். முட்டை வந்த வழியே கேள்வி திரும்பிப் போகட்டும். தேதியோடு பதில் வரும்வரை நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்போம்.