ஃபாரடேயின் நோட்டும் மாணவனின் ரெக்கார்டு நோட்டும்

செய்முறைத் தேர்வு நெருங்கினால் கல்லூரி விடுதிகளில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். சீனியரின் இயற்பியல் ரெக்கார்டு நோட்டு அறை அறையாகச் சுற்றும். அந்த நோட்டில் ஒரு சோதனைகூடத் தோற்றிருக்காது! விடை சரியாக வரவில்லையா? அளவீட்டைக் கொஞ்சம் மாற்றி எழுதினால் போதும், கையெழுத்து கிடைத்துவிடும். இதில் என்ன தப்பு என்று கேட்பவர்களுக்கு மைக்கேல் ஃபாரடேயின் நோட்டே பதில்.

1791ல் இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர் ஃபாரடே. 14 வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த கலைக்களஞ்சியத்தில்தான் மின்சாரத்தைப் பற்றிப் படித்தார். ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அதை அழகாக பைண்டு செய்து டேவிக்கே அனுப்பினார். 1813ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேலை கிடைத்தது.

மின்சாரம் பாயும் கம்பி, பக்கத்தில் உள்ள காந்த ஊசியைத் திருப்புகிறது என்று 1820ல் டென்மார்க்கின் ஆர்ஸ்டெட் கண்டுபிடித்திருந்தார். அப்படியானால் காந்தத்திலிருந்து மின்சாரம் வராதா? ஃபாரடே 1824ல் முயன்றார், வரவில்லை. 1825லும் 1828லும் முயன்றார். அப்போதும் வரவில்லை. வரவில்லை என்பதையும் எழுதி வைத்தார்.

இதே கேள்வியோடு ஜெனீவாவில் கொலாடன் என்பவரும் 1825ல் சோதனை செய்தார். காந்தம் கால்வனோமீட்டரின் முள்ளை நேரடியாகப் பாதிக்கக் கூடாது என்று, அந்தக் கருவியை அடுத்த அறையில் வைத்தார். கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை நுழைத்துவிட்டு அடுத்த அறைக்கு நடந்து போய்ப் பார்த்தால், முள் அசையாமல் நின்றது. பாவம், அவர் நடந்து போவதற்குள் முள் ஆடி ஓய்ந்துவிட்டது!

1831 ஆகஸ்ட் 29. ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச்சுருள்களைச் சுற்றினார். ஒன்றை பேட்டரியோடு இணைத்தபோது, மற்றொன்றோடு தொடர்புள்ள முள் ஒரு துள்ளு துள்ளி நின்றுவிட்டது. இணைப்பைத் துண்டித்தபோது எதிர்ப்பக்கம் துள்ளியது. நடுவில் ஒன்றுமே இல்லை. ரெக்கார்டு நோட்டு எழுதுபவராக இருந்தால் அந்தத் துள்ளலைப் பிழை என்று விட்டிருப்பார். ஃபாரடே விடவில்லை. மின்சாரத்தைத் தருவது காந்தம் அல்ல, காந்தப்புலத்தின் மாற்றம் என்பது அந்தத் துள்ளலில்தான் ஒளிந்திருந்தது. இன்றைய ஜெனரேட்டரும் டிரான்ஸ்பார்மரும் அதிலிருந்து வந்தவைதான்.

கதை இதோடு முடியவில்லை. காந்தத்தின் முனைகளுக்கு நடுவே சுடரை வைத்தால் அதன் ஒளியின் நிறமாலை மாறுமா என்று 1862ல் பார்த்தார் ஃபாரடே. மாறவில்லை. அதையும் எழுதினார். அந்தத் தோல்வியைப் பற்றிப் பின்னாளில் படித்த நெதர்லாந்தின் சீமன், ஃபாரடேயே முயன்றிருக்கிறார் என்றால் விஷயம் இல்லாமல் இருக்காது என்று நினைத்தார். 1896ல் இன்னும் நுட்பமான கருவியோடு முயன்றார். நிறமாலைக் கோடுகள் மாறின! 1902ல் லோரன்ட்சோடு சேர்ந்து நோபல் பரிசும் கிடைத்தது. ஃபாரடே வெட்கப்பட்டு அந்தப் பக்கத்தைக் கிழித்திருந்தால்?

மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சரியான விடைக்கு மட்டுமே மதிப்பெண் என்றால் எவன் தவறான விடையை எழுதுவான்? விடை ஏன் தவறியது என்று யோசித்து நாலு வரி எழுதுபவனுக்கும் மதிப்பெண் உண்டு என்று ஒரே ஒரு வருடம் சொல்லிப் பார்க்கட்டும். சீனியரின் நோட்டுக்கு அப்புறம் யாரும் அலைய மாட்டார்கள். ஏனென்றால் அடுத்தவனின் வெற்றியைக் காப்பியடிக்கலாம், தன் தவறு ஏன் நடந்தது என்பதைத் தானேதான் யோசிக்க வேண்டும்.