தண்ணீர்க்காரம்மாவும் பூட்டிக் கிடந்த மாமன்றமும்

களப்பணியாளர் ஒருவர் மாநகராட்சித் தேர்தலில் நின்றுவிட்டால் ஆய்வுலகம் அவருக்கு உடனே இரங்கற்பா எழுதத் தொடங்கிவிடுகிறது. நேற்றுவரை அவர் 'இயக்கம்'. இன்று முதல் 'அமைப்புக்குள் உள்வாங்கப்பட்டவர்'. தெருவில் நிற்கும்வரை அவரைப் பற்றி முனைவர்ப் பட்ட ஆய்வு எழுதலாம். வார்டு கவுன்சிலரான மறுநாளே அவர் தரகர் என்னும் இனத்தில் சேர்க்கப்படுகிறார். இந்தப் பாகுபாடு சோம்பேறித்தனமானது; அதனால் விளைந்த தீங்கோ சோம்பேறித்தனத்தோடு நிற்கவில்லை.

மிருணாள் கோரேயின் வாழ்க்கையை இந்தச் சட்டகத்துக்குள் பொருத்திப் பார்க்கட்டும். மருத்துவப் படிப்பை இடையில் விட்டு ராஷ்டிர சேவா தளத்துக்கும் சோசலிச இயக்கத்துக்கும் வந்தவர். கோரேகாவ் புறநகரில் பெண்களைத் திரட்டியவர். 1958இல் கணவர் மறைந்தபின் சிறு மகளோடு பொதுவாழ்வைத் தொடர்ந்து, 1961இல் பம்பாய் மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குடிசைப் பகுதிகளுக்குக் குழாய்நீர் கேட்டு அவர் மன்றத்துக்குள்ளும் வெளியிலும் நடத்திய ஓயாத சண்டைதான் அவருக்குப் 'பானிவாலி பாய்' என்ற பெயரைத் தந்தது. தண்ணீர்க்காரம்மா! பல்கலைக்கழகம் வழங்கும் எந்தப் பட்டத்தையும்விடத் துல்லியமான பட்டம் அது.

உள்வாங்கப்பட்டாரா? 1972இல் சட்டமன்ற உறுப்பினரானார். விலைவாசி உயர்வை எதிர்த்துப் பம்பாய்ப் பெண்கள் பூரிக்கட்டைகளோடும் தட்டுகளோடும் தெருவை நிறைத்தது அதே காலத்தில்தான். அந்த ஐக்கிய முன்னணியை அவரும் மார்க்சிஸ்ட் கட்சியின் அகில்யா ரங்கணேகரும் சேர்ந்தே கட்டினார்கள். நெருக்கடிநிலையில் சிறை சென்றார். 1977இல் அவர் மக்களவைக்கு வென்று இந்திரா காந்தி தோற்றபோது, தண்ணீர்க்காரம்மா டில்லியில், டில்லிக்காரம்மா தண்ணீரில் என்று பம்பாய் முழக்கமிட்டது. நாடாளுமன்றம் கண்ட பிறகும் அவர் கோரேகாவுக்கே திரும்பினார். நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தின்படி ஏழைகளுக்குச் சேரவேண்டிய நிலத்துக்காக வழக்காடி, திண்டோஷியில் ஆயிரக்கணக்கான எளிய குடும்பங்களுக்கு வீடு எழுப்பிய நகரி நிவாரா பரிஷத்தின் முன்னணியில் நின்றார். இதில் இயக்கம் எந்த ஆண்டில் முடிந்தது, அரசியல் எந்த ஆண்டில் தொடங்கியது என்று கோடு கிழிக்க வல்லவர் உண்டா?

ஒரு மிருணாள் கோரேயை வைத்து ஓராயிரம் கவுன்சிலர்களுக்குப் புனிதம் பூசக்கூடாது என்பார்கள். உண்மைதான். ஒப்பந்தத்தில் பங்கு கேட்பவரும், தண்ணீர் லாரிக்காரருக்குக் காவல் நிற்பவரும் எந்த மாமன்றத்திலும் உண்டு. மன்றத்தின் அதிகாரமும் ஒன்றும் பெரிதன்று. 1888ஆம் ஆண்டுச் சட்டம் மும்பையின் நிர்வாக அதிகாரத்தை ஆணையர் கையில் வைத்தது. மேயருக்குக் கிடைப்பது அங்கியும் மாளிகையும் மட்டுமே. ஆனால் இவையெல்லாம் மன்றத்தை வலுப்படுத்துவதற்கான வாதங்கள்; மன்றத்தைப் புறக்கணிப்பதற்கான வாதங்கள் அல்ல.

மும்பையின் குழாய்களைப் பற்றி லிசா பியார்க்மனும் நிகில் ஆனந்தும் எழுதிய இனவரைவியல் நூல்கள் வகுப்பறைகளில் விரும்பிப் படிக்கப்படுகின்றன. குடிசைக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்பதை அவை காட்டுகின்றன: பொறியாளர், குழாய்க்காரர், உள்ளூர்க் கவுன்சிலர் எனப் பலரின் மீது இடைவிடாது செலுத்தப்படும் அழுத்தத்தால் வருகிறது. பார்த்தா சாட்டர்ஜி வகுத்த 'அரசியல் சமூகம்' என்ற கருத்தும் இத்தகைய பேரங்களின் மேல் எழுந்ததே. கருத்தாக்கம் கிடைத்ததும் கருத்தரங்கு நிறைவுபெறுகிறது. அந்தச் சங்கிலியிலிருந்து, வாக்காளர் கையால் அகற்றக்கூடிய ஒரே கண்ணியான கவுன்சிலரை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எவரும் கேட்பதில்லை.

எடுத்துவிட்டார்கள். மும்பை மாமன்றத்தின் காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அதன்பின் மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே மக்கள் தேர்ந்த ஒருவரும் இருக்கவில்லை. 2025-26க்கு 74,000 கோடி ரூபாயைத் தாண்டிய பட்ஜெட்டை ஆணையரின் நிர்வாகமே தயாரித்தது. நிர்வாகி என்ற முறையில் அதே ஆணையரே ஏற்றுக்கொண்டார். பெங்களூரில் மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. ஐந்தாண்டு கடந்தும் தேர்தல் வரவில்லை. காலம் முடியுமுன் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 243-யு பிரிவு. சாக்குப்போக்குகளுக்கு இடமில்லை என்று கிஷன் சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இலேயே கூறியது. வார்டு வரையறை, பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. இடஒதுக்கீடு தேவையானது, அதற்கான தரவைத் திரட்ட ஐந்தாண்டுக் கால அவகாசம் எல்லா அரசுகளுக்கும் இருந்தது. மாநிலச் சட்டமன்றம் ஒன்று இப்படி மூன்றரை ஆண்டு பூட்டப்பட்டிருந்தால் எத்தனை கண்டன அறிக்கைகளில் எத்தனை பேராசிரியர்கள் கையெழுத்திட்டிருப்பார்கள்! மாமன்றம் பூட்டப்பட்டபோது கையெழுத்துகள் காணவில்லை. தரகர்களின் கூடாரம்தானே என்ற அலட்சியம் மாநில ஆட்சியாளருக்கு வாய்ப்பாக அமைந்தது.

எல்லாக் குடிசைகளுக்கும் தண்ணீர் கேட்டுப் பானி ஹக் சமிதி தொடுத்த வழக்கில், 2014 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் நீரை வாழ்வுரிமையின் பகுதியாக ஏற்றது. தீர்ப்பு பெரிது. ஆயினும் தீர்ப்பைக் குழாயாக்க நாள்தோறும் ஒருவர் நச்சரிக்க வேண்டும். 2022க்குப் பின் கோவண்டியிலோ மால்வணியிலோ ஒரு பெண் மிருணாள் கோரேயின் பிடிவாதத்தோடு தெருவைத் திரட்டியிருந்தாலும், நிற்பதற்கு அவருக்கு ஒரு தேர்தல் இருக்கவில்லை.

சென்னைக்கு இது பழைய கதை. 1973இல் கலைக்கப்பட்ட மன்றம் 1996வரை திரும்பவில்லை. அந்த இடைவெளியில்தான், 1978இல், குடிநீர் தனி வாரியத்தின் கைக்குப் போனது. 2016 அக்டோபரில் மறுபடியும் மன்றம் இல்லாமற்போய் 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வெற்றுக் குடத்தைக் கொண்டுபோய் வைத்துச் சண்டையிட அன்று மாநகரின் இருநூறு வார்டுகளில் ஒன்றிலும் ஒரு கவுன்சிலரின் வீட்டு வாசல் இல்லை.